பாலிஷ் போட்ட ஷாஃப்ட்

என் வீட்டுக்காரரின் கார் ஓடவேண்டியது ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அது உடையக் கூடாது என்றும், உடைந்து தொலைந்தால் நல்லது என்றும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டு நின்றேன். இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது? இரண்டையும்தான் வேண்டினேன்.

கார் என்றால் ஏறி உட்காருகிற கார் இல்லை. முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்டில் ஓடும். வளர்ந்த ஆட்கள் இதற்குப் போய் இவ்வளவு அலட்டிக்கொள்வதா என்று சிரிப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிராக்குக்கு வந்து நிற்கட்டும். அப்புறம் பேசலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒரே மாடல். இரண்டையும் கட்டியது நான்தான். பல் செட் செய்கிற லேபில் எனக்கு வேலை. பதினோரு வருஷமாகக் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துத் தேய்த்து, முடி கனத்துக்கு இடைவெளி இருந்தாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க நாற்பதைத் தாண்டாத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை டிராக் ஓரத்து மேடையில் ஏறி ரிமோட்டைப் பிடித்தால் ஆளே வேறு. ஆனால் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று என்னைக் கேட்டுத்தான் திருப்புவார்.

"மெக்கானிக்கம்மா, கொஞ்சம் பாருங்க" என்று அவர் கிண்டலாக ஆரம்பித்தது, கிளப் முழுக்க அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. மூன்று வருஷமாக நானும் ஓட்டுகிறேன். பத்துப் பேர் மட்டும் போகிற ஃபைனலில் ஒரு தடவைகூட என் பெயர் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் போவார், நான் அவருக்கு டயர் மாற்றிக் கொடுப்பேன். அவராவது கொஞ்சம் அலட்டிக்கொண்டால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

வினை அந்த ஷாஃப்டில் வந்தது. கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற, சுண்டுவிரல் நீள இரும்புத் தண்டு அது. எங்கள் டிராக்கில் வளைவுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் என்பதால் வலது பக்கத்துத் தண்டின் முனைதான் எப்போதும் தேயும். இரண்டு காரிலும் தேய்ந்துபோயிருந்தது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில், எதைக் கேட்டாலும் 'நாளைக்கு வரும்' என்று சொல்லிச் சொல்லியே 'நாளைக்கு அண்ணன்' என்று பெயர் வாங்கிய கடைக்காரர், அலமாரி அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒன்றே ஒன்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவர் கேட்டார்.

"கெடச்சுதா?"

"ரெண்டு கெடச்சுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு காப்பாற்ற வேண்டுமே. அவருடைய பழைய தண்டை மறுநாள் லேபுக்கு எடுத்துப் போய், பல்லுக்குப் பாலிஷ் போடுகிற மெஷினில் பிடித்து மினுமினுக்க வைத்தேன். தேய்ந்த முனையை மேலும் தேய்க்கிறோமே என்று என் விரலுக்குத் தெரிந்தது. விரல் சொன்னதை நான் கேட்கவில்லை. புதியது என் காரில் ஏறியது, பாலிஷ் போட்டது அவருடைய காரில்.

"பளபளன்னு இருக்கே" என்று அவர் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனாலும் கழற்றவில்லை.

இப்போது நடந்துகொண்டிருந்தது வருஷத்தின் கடைசிப் பந்தயம். முதல் குழுவில் நான் ஓட்டி முடித்துவிட்டேன். பதினான்கு சுற்று, ஐந்து நிமிடம் பன்னிரண்டு நொடி. ஐந்து நிமிடம் ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கிற சுற்றை முடித்துத்தான் நிறுத்த வேண்டும். பட்டியலில் பத்தாவது இடம். இரண்டாவது குழுவில் யாராவது ஒருவர் அதைத் தாண்டினாலும் நான் வெளியே. அந்தக் குழுவில் அதைத் தாண்டக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் டிராக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி முடித்தவர்கள் அடுத்த குழுவுக்கு மார்ஷலாக நிற்க வேண்டும். ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வளைவில் நின்று, கவிழ்ந்த காரை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். எனக்கு நான்காம் எண் வளைவு கொடுத்திருந்தார்கள். மேடு ஏறிக் குதித்து இறங்கிய கையோடு திரும்ப வேண்டிய இடம் அது. ஷாஃப்டுக்கு அதைவிட மோசமான இடம் டிராக்கிலேயே கிடையாது.

மூன்றாவது நிமிடம் முடியும்போது அவர் என் நேரத்தைவிட நான்கு நொடி முன்னால் இருந்தார். ஒவ்வொரு தடவை அந்தக் கார் மேட்டைத் தாண்டிக் குதிக்கும்போதும் என் கண் அந்த வலது சக்கரத்துக்கே போனது. பத்தாவது சுற்று தாண்டியது. பதினொன்றில் இறங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் துள்ளிப் புரண்டு என் கால் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தது.

ஓடினேன். அதில் மட்டும் நான் சுத்தம். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கையில் எடுத்தபோது பார்த்தேன், பாலிஷ் போட்ட தண்டு முனை ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மார்ஷல் நிமிர்த்தி வைக்கலாம், பழுது பார்க்கக் கூடாது. நிமிர்த்தி வைத்தேன். கார் நொண்டிக்கொண்டே போனது.

"பாத்தீங்களா, வீட்டுக்காரர் காருன்னதும் மெக்கானிக்கம்மா எப்படிப் பறந்தாங்கன்னு" என்று மைக்கில் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதின்மூன்று சுற்றோடு அவர் கதை முடிந்தது. பத்தாவது இடம் எனக்கு. ஃபைனலுக்குக் கால்மணி நேரம் இருந்தது.

அவர் மேடையிலிருந்து இறங்கி, காரைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் மேசைக்கு வந்தார். முகத்தில் கோபம் இருந்தது, என் மேல் இல்லை.

"புது ஷாஃப்டே உடைஞ்சிருக்கு, பாரு. ஒரு வாரம்கூட ஆகல. உன்னோடதும் அதே கடையில வாங்கினதுதானே? அதுவும் போயிடும். பழசை எங்க வச்சே? அதையே எடுத்துப் போடு."

"இருக்கட்டுங்க."

"என்ன இருக்கட்டும்? மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வந்திருக்கே. இதுல போய் உடையணுமா? நாளைக்கு அண்ணன் அந்த ஓரத்துலதான் கடை போட்டிருக்கார். நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். நீ பழசை மாத்திட்டு இரு."

உடைந்த தண்டைக் காரிலிருந்து உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மனிதரிடம் போய்க் கேட்டால் அவர் என்ன சொல்வார்? நான் கொடுத்ததே ஒன்றுதானே என்பார், அதுவும் ஊரே கேட்கிற மாதிரி. ஓடிப்போய் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அவர் மேல தப்பில்ல. அவர் ஒண்ணுதான் கொடுத்தார்."

நின்றார். கையில் இருந்த தண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ இது?"

"உங்க பழசு. லேபுல பாலிஷ் போட்டேன்."

பக்கத்து மேசையில் யாரோ டயருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே" என்றார்.

கொடுத்திருப்பார். எனக்குத் தெரியாதா? அவர் கொடுத்து நான் ஃபைனலுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தது எனக்கு.

"திட்டிடுங்க" என்றேன்.

"அதுக்கு வீடு இருக்கு. பேட்டரி மாத்தினியா?"

"இல்ல."

மேசைக்குத் திரும்பி வந்து என் காரை எடுத்தார். மூடியைக் கழற்றி, பழைய பேட்டரியை உருவி, புதியதை உள்ளே தள்ளினார். அவர் விரல்கள் ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால் போதும், முதல் வளைவிலேயே எல்லாம் முடிந்துவிடும். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக என் கை கட்டிய காரை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் ஓட்டிய மனிதரின் கைகளை.

அவர் நிமிர்ந்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்பதைப் பார்த்துவிட்டார்.

பேட்டரியைத் திரும்ப வெளியே எடுத்து மேசை மேல் வைத்தார். காரை என் பக்கம் தள்ளினார்.

"நீயே மாத்திக்கோ" என்றார்.