துண்டுக்குள் ஒரு வீடு

நான் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் பருப்பு வெந்துவிட்டது. வெந்தது என்றால் சும்மா இல்லை, கரண்டியை விட்டால் கரைந்துபோகிற அளவுக்குக் குழைந்து கிடந்தது. அடுப்படியிலிருந்தே கத்தினேன். "ஏங்க, இங்கன ஓடி வாங்க! பருப்பு வெந்துட்டு!" சவரம் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் பூவனலிங்கம், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கிறுக்குப் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம்.

கோவில்பட்டியில் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் சிரிப்பு புரியும். நான் சொல்வது எழுபத்தெட்டாம் வருஷம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது குழாய்க்கே தெரியாது. கரிசலுக்கு அடியில் எங்கே தோண்டினாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டால் விறகுதான் தீரும், பருப்பு வேகாது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஏறி இறங்கிய வாடகை வீடு ஒன்றிலும் நல்ல தண்ணீர் கிடையாது. ஒரு வீட்டுக்காரியம்மா நான் கிணற்றில் இறைக்கும் குடங்களை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருப்பாள். உப்புத் தண்ணீருக்கே அந்தக் காவல்! அதனால்தான் முந்தின நாள் ஒரு வீட்டை விலைக்குப் பார்க்கப் போனபோது, அறைகளைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பார்த்தேன். ஒரு குடம் இறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து வந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். அந்தத் தண்ணீரில் வெந்ததுதான் இந்தப் பருப்பு.

அந்த வீட்டைக் காட்டியவர் தரகர் சுடலைக்கண்ணு. ரொம்ப காலம் எட்டயபுரம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். மழை பொய்த்து, சம்சாரிகள் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டபோது அவர் பிழைப்பும் போய்விட்டது. பிறகுதான் வீட்டுத் தரகு. பொருள் மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. சுவரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். வாசலைப் பார்த்து, "முகம் நல்ல முகம், சுழி சுத்தம்" என்பார். எல்லா அறைக்கும் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, கரிசல்ல கட்டுன வீடு வெடிக்காம இருக்கணும்னா கடக்கால் கீழ சரளை வரைக்கும் போயிருக்கணும். இதுல போயிருக்கு. ஒரு கீறல் காட்டுங்க, நான் மீசைய எடுத்துடுதேன்" என்றார். என் வீட்டுக்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். அவர் ஜின்னிங் மில்லில் கணக்கு எழுதுகிறவர். கத்தரிக்காய்க்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு அவளுக்கு ஒரு கும்பிடும் போடுகிற ஜாதி. இவரை நம்பி வீடு பேச முடியாது என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்குச் சொந்தக்காரி ஆவுடைத்தாய். வயது ஐம்பதுக்கு மேல். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் மதுரைக்குக் கூப்பிடுகிறான், அதனால் விற்கிறாள். எல்லாம் சரி, ஒரே ஒரு முள் மட்டும் குறுக்கே கிடந்தது. அது அவள் கொழுந்தன் சங்கரபாண்டி. முடிந்த விலை இவ்வளவு என்று தெரிந்தால், "பங்காளி நான் இருக்க வெளியாளுக்கா? அதே விலைக்கு நானே எடுத்துக்கிடுதேன்" என்று வந்து நிற்பார். நாலு பேர் அதுதான் நியாயம் என்பார்கள். அப்படித்தான் அவளுடைய பருத்திக் காட்டை எடுத்தார். எடுத்தவர் பணம் கொடுத்தபாடில்லை. வீடும் அப்படிப் போய்விடக்கூடாது என்று அவளுக்குப் பயம். போய்விட்டால் பருப்பு வேகிற தண்ணீர் போய்விடும் என்று எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை விலை பேசப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே சங்கரபாண்டி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் காப்பி. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, ஆனால் போகச் சொல்லவும் முடியாது. ஆவுடைத்தாய் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கழுத்து, வெறுங்கை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மதினி, எங்கிட்டயே சொல்லிருக்கலாமுல்லா?" என்றார் சங்கரபாண்டி. "பரவால்ல, பேசுங்க. எம்புட்டுன்னு நானும் கேட்டுக்கிடுதேன்."

சுடலைக்கண்ணு எழுந்து தோளில் கிடந்த துண்டை உதறினார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். இரண்டு பேர் கையையும் துண்டு மூடியிருக்கும். விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் துண்டோடு ஆவுடைத்தாய் பக்கம் நகர்ந்தார். அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. ஒரு பொம்பளை கையை, அதுவும் தாலியறுத்தவள் கையை, எல்லாரும் பார்க்க எப்படிப் பிடிப்பது? துண்டும் கையுமாக நடு முற்றத்தில் நின்றுவிட்டார்.

"துண்டக் குடும்" என்றாள் ஆவுடைத்தாய். "உமக்குத் தெரிஞ்சா சாயங்காலம் டீக்கடைக்குத் தெரிஞ்சிரும். நானும் அந்தப் பிள்ளையும் போட்டுக்கிடுதோம்."

"பொம்பளையா துண்டு போடுதது?" என்று சங்கரபாண்டி சிரித்தார். சிரித்தது அவர் ஒருத்தர்தான்.

ஆவுடைத்தாய் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இந்தா தாயி, ஒரு விரலப் பிடிச்சா ஒண்ணு. கை முழுக்கப் பிடிச்சா அஞ்சு. தட்டிவிட்டா ஒத்துக்கிடலன்னு அர்த்தம். முதல்ல ஆயிரம், பொறவு நூறு. வெளங்குதா?" நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. அவருடைய சேமிப்பு, மில்லில் கிடைக்கும் கடன், என் கழுத்துச் சங்கிலி, எல்லாம் சேர்த்து இதற்கு மேல் முடியாது என்று ராத்திரி இரண்டு பேரும் ஒரு தொகை பேசி வைத்திருந்தோம். நெஞ்சு திக்கு திக்கென்று அடித்தது. ஆனால் பயம் இல்லை, சத்தியமாக இல்லை. தேரோட்டத்தில் வடம் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஒரு துள்ளல்.

துண்டுக்குள் கையை விட்டேன். அவள் பிடித்த முதல் பிடியே எங்கள் தொகைக்கு ரொம்ப மேலே இருந்தது. தட்டிவிட்டேன். நான் குறைத்துப் பிடித்தேன், அவள் தட்டிவிட்டாள். அவள் இறங்கினாள். நான் ஏறினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லிவிட்டால் அந்தத் துண்டுக்கு என்ன மரியாதை? மேலே ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் கண் இமைக்கவில்லை. சுடலைக்கண்ணு துண்டின் அசைவைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்.

நாங்கள் பேசி வைத்த தொகைக்கு வந்துவிட்டேன். அவள் தட்டிவிட்டாள். மறுபடியும் அதையே பிடித்தேன். மறுபடியும் தட்டிவிட்டாள். போச்சு, வீடு போச்சு என்று தோன்றியது. என் கையில் ஒரு ஜோடி வளையல் கிடந்தது. எங்கள் அம்மா போட்டது. அதையும் விற்றுக்கொள்ளலாம் என்று, வீட்டுக்காரரிடம் கேட்காமலேயே, அவள் விரல்களில் இன்னும் ஒன்றைச் சேர்த்துப் பிடித்தேன்.

அவள் தட்டிவிடவில்லை. அவளுடைய இன்னொரு கையும் துண்டுக்குள் வந்தது. என் மணிக்கட்டைத் தொட்டது. வளையலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு நான் கடைசியாகச் சேர்த்த அந்த ஒரு விரலை மட்டும் என் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். மற்ற விரல்கள் என் கைக்குள்ளேயே இருந்தன.

"முடிஞ்சுட்டு" என்றாள் சத்தமாக.

"எம்புட்டுக்கு?" சங்கரபாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார். "யோவ் சுடலைக்கண்ணு, எம்புட்டுக்கய்யா முடிஞ்சது?"

"எங்கம்மா சத்தியமாத் தெரியாது அண்ணாச்சி!" என்றார் சுடலைக்கண்ணு. அழாத குறை. "இத்தன வருசத்துல இப்படி ஒரு விலைய நான் பாத்ததே இல்ல. எனக்குத் தரகு எதுல போடப்போறாவளோ!"

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கேட்டார். நான் கண்ணாலேயே ஆமாம் என்றேன். அவருடைய முகத்தில் அந்தப் பருப்புச் சிரிப்பு பரவ ஆரம்பித்தது. எனக்கோ எழுந்து குதிக்க வேண்டும், கிணற்றடிக்கு ஓட வேண்டும், ஒரு வாளி இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"காப்பி ஆறுது, குடியும்" என்றாள் ஆவுடைத்தாய் கொழுந்தனிடம். முகத்தில் இப்போதும் ஒன்றும் இல்லை. குரலிலும் இல்லை.

விலை முடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எடுக்கப் பார்த்தேன். துண்டுக்கு அடியில் அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிற பிடி. விடவில்லை. நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.