மனைவியைக் கேட்கவேண்டும்

“மாமா சிங்கிள்தானே, அம்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அன்ட்ரூ பேனையைப் படிவத்தில் வைத்தான்.

எமில்டா மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். “பொறு.”

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு ஃபியூனரல் ஹோமின் அலுவலக அறை. காலை ஒன்பது மணி. அவளுடைய கடைசித் தம்பி அகஸ்ரின் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான். இருபத்தொன்பது வயது, இரத்தப் புற்றுநோய். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பெண், தனக்கு அவசரமில்லை என்று காட்டக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாப் பேப்பரிலயும் சிங்கிள் எண்டுதானே இருக்கு?” என்றான் அன்ட்ரூ.

இருந்தது. இருக்கச் செய்தவளே எமில்டாதான். அவள் தாயையும் தம்பியையும் ஸ்பொன்சர் செய்தபோது, தாயோடு கூட வரும் பிள்ளை கலியாணம் கட்டாதவனாக இருக்கவேண்டும் என்பது விதி. விசா வர மூன்று வருடம் இழுத்தது. விசா வந்த கிழமையே தம்பி ஊரில், அடம்பன் கோயிலில் வேரோனிக்காவுக்குத் தாலி கட்டிவிட்டான். எமில்டா போனில் கத்தினாள். “ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை. பேசாமல் வந்து இறங்கு. ஆறு மாசத்தில அவளைக் கூப்பிடலாம்.” விமானநிலையத்தில் தான் மணமாகாதவன் என்று கையெழுத்து வைத்து அவன் இறங்கினான்.

ஆறு மாதம் நாலு வருடமானது. வந்து இறங்கிய அன்று சொல்லாமல் விட்ட மனைவியைப் பிறகு ஸ்பொன்சர் செய்யமுடியாது என்று கடிதம் வந்தது. குடிவரவு வேலைகள் பார்க்கும் அருள்நாயகம், ஒரே ஒரு வழி மிச்சம் என்றார்.

“மனிதாபிமான அடிப்படையில கேக்கலாம். தருவாங்கள் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா ஏன் மறைச்சது, ஆர் சொல்லி மறைச்சது எண்டு உள்ளதை உள்ளபடி எழுதவேணும். அக்கா ஒரு கடிதம் தந்தா நல்லம்.”

அக்கா தரவில்லை. தன் சிற்றிசன்சிப்பைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தாள். அப்படிப் பறிப்பார்களா என்று கேட்கவும் பயந்தாள். பிழை முழுவதும் தன்னுடையது என்று அகஸ்ரின் எழுதிக் கொடுத்தான். அதுவும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அவள் வைத்த மீன்குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருக்கலாமே என்று எமில்டாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

போன மாதம் யுத்தம் முடிந்தது. வேரோனிக்கா உயிரோடு செட்டிகுளம் முகாமில் முள்கம்பிக்குள் இருக்கிறாள் என்று, முகாமுக்குப் போய்வரும் கிறிஸ்துநாயகம் ஃபாதர் அறிவித்தார். அகஸ்ரின் கட்டிலில் எழும்பி இருந்து, “அக்கா, இன்னொருக்கா அப்ளிகேசன் போட்டுப் பாப்பமே?” என்றான்.

“முதல்ல உனக்குச் சுகம் வரட்டும்” என்றாள் அவள்.

இன்றைக்கு விடிய அருள்நாயகத்துக்குப் போன் அடித்து, வேரோனிக்காவை இனிக் கூப்பிடலாமா என்று கேட்டாள். “ஸ்பொன்சர் பண்ணினவர் இல்லாட்டி இனி ஒண்டும் செய்யேலாது, தங்கச்சி.”

எமில்டா மகனின் கையை விட்டாள்.

“மரீட் எண்டு போடு.”

“வாட்? ஆரை?”

“வேரோனிக்கா. உன்ர மாமி. நான்தான் ஒளிக்கச் சொன்னனான்.”

எல்லாம் கைவிட்டுப் போன பிறகு வந்த துணிச்சல். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்ட்ரூ அதை ஆங்கிலத்தில் சொன்னான். அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள்.

“அம்மா, வைஃப் இருந்தா நாங்கள் டிசைட் பண்ணேலாதாம். அவவைத்தான் கேக்கோணுமாம். போனில சொன்னாலும் ஓகேயாம்.”

அங்கே பொழுது படுகிற நேரம். எமில்டா ஃபாதருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் முகாமுக்குள்தான் இருந்தார். வேரோனிக்காவிடம் சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு அவளருகிலேயே இருக்கிறாராம். போன் கை மாறியது.

“மச்சாள்” என்றாள் வேரோனிக்கா. அழுது களைத்த குரல்.

வெள்ளைக்காரப் பெண் போனுக்குக் குனிந்து நிதானமாகக் கேட்டாள். அன்ட்ரூ தட்டுத்தடுமாறித் தமிழாக்கினான்.

“மாமி, நீங்களோ மாமான்ர வைஃப் எண்டு கேக்கிறா. நீங்கள் சொன்னாத்தான் அவை எதுவும் செய்வினமாம்.”

அந்தப் பக்கத்தில், தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்களின் இரைச்சல் கேட்டது.

“கனடாவோ கேக்குது?” என்றாள் வேரோனிக்கா.

“ஓம்” என்றாள் எமில்டா.

“நான்தான் எண்டு சொல்லுங்கோ.” பிறகு குரலைச் செருமிக்கொண்டாள். “எரிக்கவேண்டாம். மண்ணுக்குள்ள தாக்கச் சொல்லுங்கோ. வெள்ளைச் சேட்டுப் போடுங்கோ, நீலம் அவருக்குப் பொருந்தாது.”

எமில்டா மகனிடமிருந்து பேனையை வாங்கி ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதினாள்.

“கையில செபமாலை சுத்திவிடுங்கோ. மீசையை மட்டும் ஒருத்தரும் வழிக்கவேண்டாம், மச்சாள்.”

மருந்தில் மீசை கொட்டி மூன்று மாதமாகியிருந்தது. எமில்டா அதையும் எழுதினாள்.