இரண்டு தட்டு

கிளம்புவதற்கு முன் ஹார்லன் முன்சீட்டில் உட்கார்ந்தபடி வண்டிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவான். பின்னால் இருக்கும் நான் பதிலுக்கு இரண்டு தட்டினால்தான் வண்டி நகரும். அடுப்பு, கட்டில் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் வீட்டுவண்டிக்கு முதல் நாளிலிருந்து இதுதான் சட்டம். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அன்று பிசகியது. பனியாற்றுக்கு எதிரே உள்ள ஓய்விடத்தில் கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறேன், கட்டிய புருஷன் என் வீட்டை ஓட்டிக்கொண்டு போகிறான்! வீட்டுச் செருப்போடு சரளைக்கல்லில் ஓடினேன். "ஹார்லன்! டேய் ஹார்லன்!" எழுபதை நெருங்கும் கால் எவ்வளவு தூரம் ஓடும்? வளைவில் திரும்பி மறைந்தேவிட்டான்.

எனக்குப் பதிலாகத் தட்டியது யார் என்று உடனே விளங்கிவிட்டது. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரிக் கதவு. கொக்கி உடைந்து கிடக்கிறது. காற்றடித்தால் டொக் டொக் என்று அடித்துக்கொள்ளும். சரிபண்ணு சரிபண்ணு என்று வாய் வலிக்கச் சொன்னேன். நாளைக்கு என்பான். நாளைக்கு மறந்துபோவான்.

மறப்பதுதான் இப்போது அவனுக்கு வேலை. எங்கள் ஊர் ஃபேர்பேங்க்ஸில் கிளம்பும்போதே எங்கள் மகன் கர்ட் சாவியைப் பிடுங்கப் பார்த்தான்.

"அம்மா, அப்பாவை ஓட்ட விடாதே. போன வாரம் நம்ம வீட்டுக்கே வழி தெரியாம சுத்தியிருக்காரு."

"நான் பக்கத்துல இருப்பேன்டா. அவருக்கு மறந்தா எனக்கு ஞாபகம் இருக்கும். போய் உன் வேலையைப் பாரு."

வீராப்புக்கு மட்டும் எனக்குக் குறைச்சலே கிடையாது.

காலையிலிருந்து அவன் என்னிடம் ஒரே கேள்வி. "பெர்னி, நாம எங்க போறோம்?" வால்டீஸ் துறைமுகத்துக்கு, சால்மன் மீன் பிடிக்க என்பேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "பெர்னி, நாம எங்க போறோம்?" கடைசியில் எரிந்து விழுந்தேன். "வாயை மூடிட்டு ஓட்டு. நான் தூங்கப்போறேன்." திரையை இழுத்துவிட்டுப் பின்கட்டிலில் படுத்தேன். டயரைப் பார்க்க அவன் வண்டியை நிறுத்தியபோது, கோபம் தீராமல், சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

அடுத்து தாம்சன் கணவாய். உச்சியைத் தாண்டினால் கடல் வரைக்கும் இறக்கம்தான். இரண்டாவது கியருக்கு மாற்றாமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு போனால் பிரேக் வெந்துபோகும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. முன்பெல்லாம் எண்ணெய்க் குழாய்களை லாரியில் ஏற்றி இதே சாலையில் ஓட்டியவன்தான். ஆனால் இந்த வருடம் ஒவ்வொரு மலை உச்சியிலும் நான்தான் "கியரைக் குறை" என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது யார் சொல்வது? அலமாரிக் கதவா?

கைபேசி வண்டிக்குள்ளே. கையில் இருந்தாலும் அங்கே சிக்னல் கிடையாது. சாலையில் ஈ காக்காய் இல்லை. ஆண்டவா, அவனுக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவேண்டாம், என்னைக்கூட மறக்கட்டும், அந்த ஒரு கியர் போதும் என்று வாய்விட்டு அழுதேன்.

ஒருவழியாக, படகை இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வந்தது. ஓட்டி வந்தவள் பெயர் ட்ரூடி.

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டானா? எனக்கும் அதே கதைதான். ஆனா என் ஆளு வண்டியையாவது விட்டுட்டுப் போனான்."

"சிரிக்காதேம்மா. அவனுக்கு மறதி நோய். இறக்கத்துல தனியாப் போறான்."

அவள் முகம் மாறியது. "ஏறுங்க."

மேகம் சாலை வரைக்கும் இறங்கியிருந்தது. "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்!"

"பின்னால படகு இருக்கு. வேகமாப் போனா அது நம்மளை முந்திடும்."

ஒவ்வொரு வளைவிலும் ஓரத் தடுப்பைப் பார்த்தேன். எங்கே உடைந்திருக்குமோ, எங்கே புகையுமோ என்று. பனிமூட்டத்தை ஒருமுறை புகை என்று நினைத்து அலறிவிட்டேன். ட்ரூடி ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் வேறு என்ன செய்ய முடியும்? உட்கார்ந்திருந்தேன்.

வால்டீஸில், நாங்கள் எப்போதும் தங்கும் படகுத்துறை முகாமில் எங்கள் வண்டி நின்றது. கோட்டுக்குள் நேராக, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கச்சிதமாக. படியில் ஹார்லன். கையில் காப்பி, பக்கத்தில் தட்டு போட்டு மூடிய இன்னொரு கோப்பை. உயிர் வந்தது எனக்கு. உயிரோடு ஆத்திரமும் வந்தது.

"உனக்கு அறிவிருக்கா? என்னை மலையில விட்டுட்டு..."

அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவாப் பேசுங்கம்மா. உள்ள என் பொண்டாட்டி தூங்குறா. காலையில கோவிச்சுக்கிட்டுப் படுத்தா. அவ தூக்கம் கலையக்கூடாதுன்னு மலை முழுக்க ரெண்டாவது கியர்லயே வந்தேன்."

கடலிலிருந்து காற்றடித்தது. உள்ளே டொக் டொக் என்று கேட்டது.

"பாத்தீங்களா, எழுந்துட்டா!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. மூடிய கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வீட்டுச் செருப்போடு வெளியே நின்றேன்.