தாழிட்டுத் துவைத்த சட்டை

"கதவச் சாத்திக்கிட்டுத் துவைன்னு எத்தன தடவ சொல்றது?" என்று குளியலறை வாசலில் நின்று கேட்டாள் தாயம்மா. குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம்.

உள்ளே மருமகள் திலகா, கணவனின் வேலைச் சீருடையை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் சலவை இயந்திரம் இல்லாமல் இல்லை. மற்ற எல்லாத் துணியும் அதில்தான் போகும். கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி சுற்றும் இயந்திரத்தில் கண்ட தண்ணீர் பட்ட துணியைப் போடுவதா என்று மாமியார் கேட்ட நாளிலிருந்து, அந்தச் சீருடை மட்டும் திலகாவின் கைக்கு வந்து சேர்ந்தது. கைத்தோல் உரிந்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள்.

கணவன் கணேசமூர்த்திக்குச் சிரம்பான் நகருக்கு அப்பால் ஒரு தண்ணீர் மறுசுழற்சி ஆலையில் வேலை. வீடுகளின் சாக்கடையும் கழிவறை நீரும் குழாய் வழியே அங்கே வரும். வடிகட்டி, மருந்து கலந்து, தெளிய வைத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத, ஊருக்கே உபகாரமான வேலை. ஆனால் லுக்குட் ஊரை ஒட்டி அவர்கள் குடியிருந்த தோட்டத்தில் தாயம்மா சொல்லி வைத்திருந்தது, மகன் போர்ட்டிக்சனில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறான் என்று. அவள் பிறந்த லயத்து வரிசை வீடுகளில் கக்கூஸ் வாளி தூக்கியவர்களுக்குக் கடைசி வீடு. அவர்களுக்குத் தண்ணீரைக்கூட எட்ட நின்றுதான் ஊற்றுவார்கள். ஊற்றியவர்களில் தாயம்மாவும் ஒருத்தி. லயம் இடிந்தது, ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, அந்த வாளியும் ஒழிந்தது. எட்ட நிற்கிற பழக்கம் மட்டும் போக மறுத்தது.

கணேசமூர்த்தியும் அதற்கு ஒத்துப்போனான். மோட்டார் சைக்கிளில் போகிற எல்லாரையும் போல ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வான். சட்டையின் நெஞ்சில் தைத்திருந்த ஆலையின் பெயர் அதற்குள் மறைந்துவிடும். காற்றுக்காகப் போடுகிறான் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். இப்போது மறைக்க இன்னொரு காரணமும் இருந்தது. அவன் தங்கை ரதியைப் பெண் பார்க்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெமியாங் ஊரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

அன்றைக்கு ஆலையில் ஒரு குழாய் கழன்று, அமிலம் அவன் சட்டையிலும் கால்சட்டையிலும் தெறித்திருந்தது. உடனே கழற்றியதால் உடம்பு தப்பித்தது. ஆலையில் விதிகளுக்குக் குறைவில்லை. அமிலம் ஓர் அறையில், பிளீச்சில் இருக்கிற அதே குளோரின் மருந்து ஓர் அறையில், நடுவே கான்கிரீட் சுவர். இரண்டும் சேர்ந்தால் புகை கிளம்பி நுரையீரல் வெந்துபோகும் என்று தினமும் காலையில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே கணேசமூர்த்திதான். மருந்து பட்ட துணி ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது, அங்கேயே துவைக்க வேண்டும் என்றும் ஒரு விதி. ஆனால் அந்தச் சலவை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். அவனைப் போல ஒப்பந்தத்தில் வந்த கொந்தரெக் ஆட்களின் துணி எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவன் அதைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, நன்றாக அலசு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்தில் சாய்ந்துவிட்டான். வேலையைப் பற்றிப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"பிளீச்ச நல்லா ஊத்து. நாத்தம் வெளிய வரக் கூடாது லா," என்றாள் தாயம்மா.

திலகா கதவைத் தாழிட்டாள், அலசுவதற்கு முன்பே ஊற்றினாள். வாளியிலிருந்து எழுந்த நெடி அவள் தொண்டையைப் பிடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவினாள். கூடத்திலிருந்த கணேசமூர்த்திக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே விஷயம் விளங்கிவிட்டது. அவன் ஓடிவந்து கதவை இடிப்பதற்குள் அவளே எப்படியோ திறந்து, வாசற்படியில் விழுந்தாள்.

சிரம்பான் மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், என்ன நடந்தது என்று கேட்டார். திலகாவுக்குக் குரல் எழவில்லை. கணவனைப் பார்த்தாள். அவன் தாயைப் பார்த்தான். தாயம்மா தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் முந்திக்கொண்டாள்: மருமகள் கக்கூஸ் கழுவினாள், மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட்டாள். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மகன் அந்தத் தண்ணீரில் வேலை செய்கிறான் என்பது உயிர் போனாலும் வெளியே வரக் கூடாத மானக்கேடு. மருமகள் கக்கூஸ் கழுவினாள் என்பதில் யாருக்கும் ஒரு குறைவும் இல்லை. கணேசமூர்த்தி மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

திங்கட்கிழமை ஆலையில், பாதுகாப்பு அதிகாரி திவாகரன் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, இந்த ஆண்டும் விபத்தே இல்லை என்று பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கணேசமூர்த்தியும் தட்டினான்.

வீடு திரும்பிய திலகாவுக்கு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள் இருமலைக் கேட்டு ஏதோ நோய் என்று நினைப்பார்கள், ஆகவே அவள் வீட்டின் பின்பக்கத்திலேயே இருந்துகொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. ஞாயிறு காலையில் அந்த வாரத்துச் சீருடை வாளியில் காத்திருந்தது. குளியலறைக் கதவோரம் பிளீச் போத்தல் இருந்தது. அதைத் தாயம்மாதான் வைத்திருக்க வேண்டும்.

திலகா அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப்போயிருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக நடந்து, கேட்டை ஒட்டியிருந்த குழாயடிக்குப் போனாள். வெறும் தண்ணீரில் அலசினாள். சட்டையைப் பிழிந்து, நெஞ்சுப் பக்கம் சாலைக்குத் தெரியும்படி முன்கொடியில் போட்டாள்.

தாயம்மா செருப்புப் போடாமல் ஓடிவந்தாள். "ஆளுங்க வர்ற நேரத்துல என்னா செய்ற நீ? ரதி வாழ்க்கையக் கெடுக்கவா?"

"நான் கக்கூஸ் கழுவுனேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே, அத்தே. அப்ப கூசலையா?" திலகாவின் குரல் கிழிந்து வந்தது. "இனிமே இங்கதான் துவைப்பேன். உள்ள எனக்கு மூச்சு முட்டுது."

தாயம்மா மகனிடம், அதை எடு என்றாள். கணேசமூர்த்தி கொடியருகே போனான். ஈரச் சட்டையில் கையை வைத்தான்.  பிறகு குனிந்து, வாளியில் கிடந்த கால்சட்டையை எடுத்துப் பிழிந்து, சட்டைக்குப் பக்கத்தில் போட்டான்.

தெமியாங் கார் வந்து நின்றபோது இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, சட்டையில் இருந்த பெயரைப் படித்தார். அங்கே யார் வேலை செய்வது என்று மரியாதையாகத்தான் கேட்டார். தாயம்மா வாயெடுப்பதற்குள் கணேசமூர்த்தி பேசிவிட்டான்.

"நான்தாங்க. சாக்கடத் தண்ணியச் சுத்தம் பண்ற வேல. வெளிய தெரியக் கூடாதுன்னு இந்தத் துணியக் கதவச் சாத்திக்கிட்டுத் துவைக்க வெச்சோம். ஆசிட்டும் பிளீச்சும் கலந்து இவளுக்கு நெஞ்சு வெந்துபோச்சு. கலக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். இவகிட்ட மட்டும் சொல்லல."

 திலகா காலி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள். டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவள் கணவன் ஒரு வாரம் கழித்து, பெண் பார்க்க வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.