கடைசி வருடத்துக் கட்டணம்

என் தங்கையை ஒரே ஒரு முறைதான் அடித்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் பட்டறையில், ஆறு பேர் பார்க்க அடித்தது ஒரே ஒரு முறைதான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் முன்னால் பத்து வருடம் நின்றவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

அவள் படித்தது அறிதல் அறிவியல். அப்பாவும் அம்மாவும் போன பிறகு மூன்று வருடம் நான்தான் ஃபீஸ் கட்டினேன். கடைசி வருடத்துக்குக் கட்ட வேண்டிய வாரத்தில், நான் சொந்தமாகத் தொழில் தொடங்கத் தோதாக ஒரு பழைய பிரஸ் விலைக்கு வந்தது. அதன் அட்வான்ஸும் ஃபீஸும் ஏறக்குறைய ஒரே தொகை. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது.

"இதைப் படிச்சா என்ன சம்பளம் வரும்? சுத்தி வளைக்காம சொல்லு."

"இவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாதுண்ணா. மனுஷன் எப்படிக் கவனிக்கிறான், எப்போ கவனம் தப்புதுன்னு..."

"கவனிக்கிறதுக்கு ஒரு பட்டமா! அந்த மெஷின் ஒரு நாளைக்கு ஆயிரம் தகடு அடிக்கும். உன் மூளைப் படிப்பு எத்தனை அடிக்கும்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு. உன் பட்டறையிலேயே காட்டுறேன். என் புராஜெக்டும் அதுதான்."

மூன்று நாள் ஒரு நோட்டும் கடிகாரமுமாக வந்து ஓரமாக உட்கார்ந்தாள். எங்கள் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அப்படி வேலை செய்தால் எண்ணிக்கை வராது. அதனால் ஆறு மெஷினிலும் ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகி வைத்திருந்தோம். இடது கை அமுக்கும், வலது கை தகட்டைப் போடும். முதலாளி தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போவார். எண்ணிக்கையை மட்டும் கேட்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, நாப்பது நிமிஷம் தாண்டினா உன் கண்ணு பாக்கறதையே விட்டுடுது. கை பழக்கத்துல தானா போகுது. இன்னைக்குக் காலையில மட்டும் நாலு தடவை மயிரிழையில தப்பிச்சிருக்க. அந்தக் கட்டையை எடுத்துடு."

பக்கத்து மெஷின்காரன் சிரித்தான். "அடேங்கப்பா, உனக்கு மேஸ்திரி வந்தாச்சு போலிருக்கே!"

நான் அறைந்த அறையில் அவள் உதடு கிழிந்தது. நோட்டில் ரத்தம் சொட்டியது. "என் கை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போடி" என்று கத்தினேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலையே பிரஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் கூடும்.

பன்னிரண்டாம் நாள் பிரஸ் என் வலது கையில் இறங்கியது. முதலில் வலி இல்லை, சத்தம்தான் வேறு மாதிரி கேட்டது. பிரஸ் மேலே ஏறியபோது நடுவிரல்கள் மூன்றும் தகட்டோடு ஒட்டிக் கிடந்தன. கத்திக்கொண்டே இடது கையால் மெஷினைக் குத்தினேன். அந்த முட்டியும் உடைந்தது.

மீதிப் பணம் தேதிக்கு வரவில்லை என்று பிரஸ் விற்றவர் அட்வான்ஸை விழுங்கிவிட்டார். "கட்டையை வெச்சது அவன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு நான் போட்ட மனுமீது தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் ஒருவன் பாக்கியில்லாமல் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். நான் கூப்பிடாமலே தங்கை நோட்டோடு வந்தாள். எந்த மெஷினில் கட்டை இருந்தது, முதலாளி எந்த மணிக்கு நின்று பார்த்தார், எல்லாம் அதில் இருந்தது. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். நஷ்டஈடு வந்துவிடும் என்று எனக்கு உயிர் வந்தது.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். "இது என்னம்மா?"

"என் புராஜெக்ட்."

"காலேஜ் முத்திரை எங்க? புரொஃபசர் கையெழுத்து?"

"குடுக்கலைங்க. கடைசி வருஷம் சேரல."

"ஐயா, முத்திரையோட வந்திருந்தா இது ஆய்வறிக்கை. இப்போ இது அண்ணனுக்காகத் தங்கச்சி எழுதின நோட்டு."

அதிகாரி அவளைப் பார்த்தார். "ஏம்மா சேரல?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஃபீஸ் கட்டலைங்க."

நான் பாய்ந்து வக்கீலின் சட்டைக் காலரைப் பிடித்தேன். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் துணி நழுவியது. இடது கையால் வாயில் குத்தினேன். பல் கிழித்து என் கையிலும் ரத்தம், அவர் வாயிலும் ரத்தம். இரண்டு பேர் என்னைத் தரையில் அமுக்கி முதுகில் முட்டியை வைத்து அழுத்தினார்கள்.

மனு தள்ளுபடி ஆனது. காகிதத்தைக் கொடுத்த குமாஸ்தா, "அந்த நோட்டை ஏத்துக்கிட்டிருந்தா உன் அஞ்சு வருஷச் சம்பளம் வந்திருக்கும்பா" என்றார்.

வெளியே படியில் அவள் முன்னால் போய் நின்றேன். "என்னை அடி. எல்லாரும் பாக்க அடி."

"அடிச்சா ஃபீஸ் வருமா?" என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.