மெனுவில் ஆறாவது படம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நான்கு புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அச்சகத்தில் அவருக்குக் கால்புள்ளியம்மா என்று பட்டப்பெயர். பார்க்கப் போயிருந்தேன். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். என்னை நலம் விசாரிக்கக்கூட விடாமல் கேட்டார்:

"சார், டிவிடிக்கு மெனு போட ஏதாவது நல்ல சாஃப்ட்வேர் தெரியுமா? படமெல்லாம் அசையணும்."

எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒருவன், 'கதை சிக்கிவிட்டது' என்று துள்ளினான். அதற்காக இன்னும் கூசுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாது பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், தனிமையின்"

(மழை இல்லை. காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: "எழுத்துகளோடு வாழ்ந்தவளை எழுத்துகளே கைவிட்டபோது, அவள்"

(அழகாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம். கால்புள்ளியம்மா இதைச் சுழித்து, ஓரத்தில் 'தேவையா?' என்று எழுதியிருப்பார்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

3

கால்புள்ளியம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. வாசிப்பும் போய்விட்டது. தன் பெயரை எழுதிக் காட்டினாலும் எறும்பு வரிசையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "வேணாம்." தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டே "வேணாம்" என்பார். குடித்து முடித்த பிறகும் "வேணாம்"தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "என்ன பார்க்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும் சார். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. ஃபோட்டோ காட்டினா ஆள் மாறிப்போகுது. ஆனா ஆள் அசையறதைப் பார்த்தா சட்டுனு கண்டுபிடிச்சிடறாங்க."

சிகிச்சை இல்லத்து அறையில் ஒரு டிவியும் டிவிடி பிளேயரும் இருந்தன. செல்போன் திரை இடது கைக்கு வழுக்கியது. ரிமோட்டின் தடித்த பொத்தான்கள் மட்டும் பிடிபட்டன. அதனால்தான் டிவிடி. அதனால்தான் ஓரெழுத்துகூட இல்லாமல், ஓடும் படங்களாலேயே ஆன மெனு.

4

(இந்தப் பகுதி உங்களுக்கு அலுக்கலாம். மனிதர் நான்கு வாரம் இதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினார். நீங்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதல் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரோடு வந்தது. அதில் மெனு என்றால் எழுத்துகள் மட்டும்தான். எழுத்துக்கு வேண்டுமானால் நிறம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் எல்லாமே ஆடியது: பலூன் பறந்தது, திரைச்சீலை விலகியது, இதயங்கள் கொட்டின. ஆனால் தயாரித்தவர்களின் முத்திரை எல்லோர் முகத்தின் மேலும் விழுந்தது. மூன்றாவது பழசு, பார்க்கவும் சகிக்காது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டம். வலது அம்பை அழுத்தினால் எந்தக் கட்டம், இடது அம்புக்கு எது என்று நாமே கோடு இழுத்து இணைக்க வேண்டும். மெக்கானிக்குக்குக் கை ஊறியது. "இது நம்ம வயரிங் சார்," என்றார். முப்பது விநாடி ஓடும் ஊமைப் படங்கள், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. ஓகே அழுத்தினால்தான் முழுப் படமும் குரலோடு வரும்.*

* இரண்டு டிஸ்க்குகள் வீணாயின. மூன்றாவதுதான் பிளேயரில் ஓடியது.

5

கட்டங்கள் ஆறு. எல்லாம் மெக்கானிக் முன்பு தன் கேமராவில் எடுத்து வைத்திருந்தவை. அக்கா காற்றில் தொப்பியைத் துரத்துவது. மாமனார் சைக்கிள் விடுவது. வீடு மாறிய அன்று பீரோ வாசலில் மாட்டிக்கொண்டது. அச்சகத்துச் சகாக்கள் கேமராவைப் பார்த்ததும் விறைத்து நின்றது. மைத்துனர் நாயைக் குளிப்பாட்டப் போய், தானே குளித்தது.

ஆறாவது காலியாக இருந்தது.

அவர்களுக்கு ஒரு மகள். பதினேழு வயதில், ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

(மகளை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் என்று மாற்றினேன். எனக்கும் கதைக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் பொய். திரும்ப அவளையே கொண்டுவந்தேன்.)

ஐந்து வருடமாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. "நான் பேச்சை எடுத்தா அவ உடைஞ்சிடுவாளோன்னு பயம் சார். அவளும் அப்படித்தான் நினைச்சிருப்பா. அப்படியே ஓடிப்போச்சு."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்," என்றேன். எழுத்தாளனின் புத்தி!

"வேணாம்னுதான் சொல்லுவா. அது எந்த வேணாம்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

இரண்டு நாள் கழித்து, ஆறாவது கட்டத்தில் மகளை வைத்தார். ஒற்றைக் காலில் நொண்டியபடி செருப்பு மாட்டுகிறாள், திரும்பிக் கேமராவிடம் ஏதோ சொல்கிறாள்.

6

மனைவியின் இடது கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரல் அம்பை அழுத்தியது. அக்கா. மாமனார். பீரோ. சகாக்களிடம் கொஞ்சம் நின்றது. நாயைப் பார்த்ததும் கால்புள்ளியம்மா சிரித்தேவிட்டார். இன்னொரு அழுத்தம்.

விரல் நின்றது.

மகள் செருப்பு மாட்டினாள், திரும்பினாள், வாயசைத்தாள். முப்பது விநாடி முடிந்தது. மறுபடி செருப்பு மாட்டினாள். கால்புள்ளியம்மா ஓகே அழுத்தவில்லை. பின்னாலும் போகவில்லை. பதினொரு தடவை ஓடியதை மெக்கானிக் எண்ணினார். பிறகு, "வேணாம்" என்று மெல்லிய குரல். ரிமோட்டை இருவருக்கும் நடுவில் படுக்கையில் வைத்துவிட்டு, அதே கையால் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு, மெக்கானிக் மகளின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். கால்புள்ளியம்மாவின் பிடி இறுகியது. கண் திரையை விட்டு நகரவில்லை.

7

முடிவு ஒன்று: கால்புள்ளியம்மா ஓகே அழுத்துகிறார், மகளின் குரல் கேட்டதும் அவருக்குப் பேச்சு

(வராது. அப்படி எழுதினால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.)

முடிவு இரண்டு: மெக்கானிக் ஐந்து கட்டங்களோடு வேறொரு டிஸ்க் எழுதி

(எழுதவில்லை. கேட்டேன். "மனசு வரலை சார்.")

இப்போதும் தினமும் பதினொரு மணிக்கு அதே டிஸ்க்தான். கால்புள்ளியம்மாவே ஆறாவது கட்டத்துக்குப் போய்விடுகிறார். ரிமோட் நடுவில் வந்து கிடக்கிறது. இருவரும் மெனுவைத் தாண்டுவதில்லை.

நேற்று மெக்கானிக் போனில் கேட்டார்: "என்னை ஓகே அழுத்தச் சொல்றாளா, இதுவே போதும்கறாளா? நீங்களே சொல்லுங்க சார்."

அதையே உங்களிடம் கேட்கிறேன். பதில் சொல்லுமுன் ஒரு விஷயம். முழுப் படத்தையும் நான் பார்த்திருக்கிறேன். "போதும்பா, பஸ் போயிடும்!" என்று அவள் கத்துவது நன்றாகக் கேட்கும். நாற்பதாவது விநாடியில் கேட்டைத் தாண்டிப் போய்விடுவாள். மெக்கானிக் அன்று கேமராவை அணைக்க மறந்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம், சாத்திய கேட் மட்டும்தான்.