நாலு விரல் இடைவெளி

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஜீவனஹள்ளியில் யார் சொன்னாலும் நான் கோபப்படுவதில்லை. உள்ளதைச் சொன்னால் எதற்குக் கோபம்? கண்ணாடி ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியை ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். பள்ளம் தெரிந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் ஆழம் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தை இறக்குவேன். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் என் தாயார் வரைக்கும் விசாரிப்பார்கள். விசாரித்துக்கொள்ளட்டும்.

எனக்கு இவ்வளவு பயம் இருப்பதற்குக் காரணம் வண்டியின் பின்பக்கத்தில் நிற்பவன். அவன் சீனு, என் மனைவி ராதாவின் ஒரே தம்பி. தை மாதம்தான் கல்யாணமானவன். கண்ணாடி வண்டியில் நடுவில் கூரைபோல ஒரு மரச்சட்டம் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்திக் கயிறு கட்டுவோம். கயிறு மட்டும் போதாது. ஒரு ஆள் இடதுபக்கத்தில், கண்ணாடிக்கும் வண்டியின் பக்கப்பலகைக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழ இடத்தில் நின்றுகொண்டு, தோளால் அண்டை கொடுத்தபடி வருவான். சட்டம் மறைப்பதால் ஓட்டுகிறவனுக்கு அவன் தெரியமாட்டான். கேபினை ஒரு தரம் தட்டினால் நிறுத்து, இரண்டு தரம் தட்டினால் போ. வழியெல்லாம் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

போன வருடம் பானஸ்வாடிப் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்து, ஒரு கண்ணாடி உடைந்து சீனுவின் முழங்கையைக் கிழித்தது. பதினோரு தையல். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினான். ராதா என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

இந்த இரண்டாயிரமாவது வருடம் மாசியில் பின்டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. காக்ஸ் டவுனில் மதலைமுத்துவின் டயர் கடைக்குப் போனேன். அவர் எனக்கு அண்ணன் வயது, டயரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார். இரண்டு டயர்களை உருட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். ஒன்று எட்டு பிளை, அதாவது எட்டு அடுக்கு, லாரி டயருக்குத் தம்பிபோல இறுக்கமானது. ஒரு டன் தாராளமாகத் தாங்கும், ஆனால் சின்னக் கல் ஏறினாலும் வண்டி துள்ளும். இன்னொன்று கார் டயர் மாதிரி பக்கச்சுவர் இளகியது. பள்ளத்தில் இறங்குவதே தெரியாது, ஆனால் சுமை தாங்காது.

"கல்லு, சிமெண்டு ஏத்துறவனுக்குன்னா யோசிக்காம எட்டு பிளைதான் குடுப்பேன்" என்றார். "உனக்குக் கண்ணாடி. நீதான் சொல்லணும் எத்திராஜ். எளகினதைப் போட்டீன்னா எழுநூறு கிலோவோட நிறுத்திக்கணும். அதுக்கு மேல ஏத்துனா பக்கச்சுவரு சூடேறி, சொல்லாம கொள்ளாம கிழியும்."

நான் சீனுவின் முழங்கையை நினைத்துக்கொண்டேன். துள்ளாத டயர்தான் வேண்டும் என்றேன். எழுநூறு கிலோ எனக்குப் பிரச்சினையே இல்லை. வழக்கமாக ஏற்றுவது ஜன்னல்களுக்குப் போகிற அஞ்சு எம்.எம். கண்ணாடி. எட்டடிக்கு நாலடி ஷீட்டு ஒன்று முப்பத்தேழு கிலோ. பதினெட்டு ஷீட்டு ஏற்றினால் வண்டியின் முதுகு இறங்கி, பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சரியாக நாலு விரல் இடம் மிச்சமிருக்கும். அதுதான் என் எடைமேடை. என்னைத் தொழிலில் பழக்கியவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். நாலு விரல் நுழைந்தால் போகலாம், மூன்று என்றால் ஒரு ஷீட்டை இறக்கு. இத்தனை வருடத்தில் விரல் என்னை ஏமாற்றியதில்லை.

புது டயர் மெத்தைபோல ஓடியது. சீனுகூட, பின்னால் நின்றுகொண்டே தூங்கலாம் என்று கிண்டல் பண்ணினான். ஆனால் எனக்கு ஒரு பயம் போனால் இன்னொரு பயம் வரவேண்டுமே. வளைவுகளில் வண்டி ஊஞ்சல்போல ஆடுவதைப் பார்த்து, ஆட்டத்தில் டயர் மட்கார்டில் உரசிக் கிழிந்துவிடுமோ என்று கவலைப்பட்டேன். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை லிங்கராஜபுரம் பட்டறைக்குப் போய், பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடச் சொன்னேன். வண்டியின் முதுகு நிமிர்ந்து நின்றது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை தொம்மலூரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு லோடு. அலுவலக அறைகளுக்குத் தடுப்பாக வைக்கிற பன்னிரண்டு எம்.எம். கண்ணாடி. கிடங்கில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஷீட்டைத் தூக்கினார்கள். என் கண் முழுக்க அவர்கள் கால்களிலேயே இருந்தது. யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களோ என்று பயந்து, பார்த்து, பார்த்து என்று கத்திக்கொண்டே இருந்தேன். பத்து ஷீட்டு ஏறியதும் சக்கரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஆறு விரல் தாராளமாக நுழைந்தது. ஏற்றுங்கள் என்றேன். பதினாலில் சரியாக நாலு விரல். வழக்கமாகப் பதினெட்டு, இன்று பதினாலுதான், தடிமன் கண்ணாடி என்பதால் குறைவாக ஏறியிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சலானை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். சீனு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தலையாட்டியதும் இடதுபக்க இடுக்கில் ஏறிக் கேபினை இரண்டு தரம் தட்டினான்.

காக்ஸ் டவுன் தாண்டும்போதே ஸ்டியரிங் லேசாக இருந்தது. முன்பக்கத்தை யாரோ தூக்கிப் பிடித்திருப்பதுபோலத் திருப்பினால் திரும்பியது, ஆனால் தரையில் ஒட்டவில்லை. பின்பக்கம் ஒரு தாமதத்தோடு ஆடி ஆடி வந்தது. டயர் இளகல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அல்சூர் ஏரிப் பக்கம் இறக்கத்தில் இறங்கும்போது ஒரு வாடை வந்தது. பக்கத்தில் எங்கேயோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று கேபின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன். வாடை உள்ளேயும் இருந்தது.

சிக்னலில் நின்றபோது, இறக்கவேண்டிய விலாசத்தைப் பார்க்கத்தான் சலானை எடுத்தேன். 12 எம்.எம்., 14 எண்ணம் என்று எழுதியிருந்தது. சும்மா மனசு கணக்குப் போட்டது. அஞ்சுக்கு முப்பத்தேழு என்றால் பன்னிரண்டுக்குத் தொண்ணூறு. தொண்ணூறைப் பதினாலால் பெருக்கினேன். தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்று இன்னொரு முறை பெருக்கினேன். ஆயிரத்து இருநூற்று அறுபது.

அப்படியானால் நாலு விரல் எப்படி வந்தது என்று ஒரு நொடி புரியவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை பட்டறை ஞாபகம் வந்தது. முதுகு இறங்காமல் இருக்கப் பட்டை போட்டவன் நானேதான். எடை அப்படியே இருக்கிறது, இறங்குவதுதான் நின்றுவிட்டது. அத்தனை சுமையும் மதலைமுத்து எழுநூறு என்று சொன்ன டயரின்மேல் உட்கார்ந்திருந்தது. இடது டயர் கிழிந்தால் வண்டி இடதுபக்கம் சாயும். இடதுபக்கம் இருப்பது ஏழு ஷீட்டு. அதற்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் சீனு.

இவ்வளவு காலம் நான் பயம் என்று நினைத்ததெல்லாம் வெறும் பழக்கம். இதுதான் பயம். பச்சை விழுந்தது. சிக்னலைத் தாண்டி, நடக்கிற வேகத்தில் ஓரம் கட்டினேன். பிரேக்கைத் தொடவே பயமாக இருந்தது, கியரிலேயே நிறுத்தினேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பின்டயரின் பக்கச்சுவர் பிதுங்கி, தரையோடு அமுங்கிக் கிடந்தது. கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். கொதிக்கிற டீ டம்ளர் மாதிரி சுட்டது. சுவரில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருந்தது.

"எறங்கு சீனு."

"இன்னா மாமா ஆச்சு?"

"எறங்குடா. எதையும் தொடாம எறங்கு."

"நான் எறங்கிட்டா கண்ணாடிய யாரு புடிக்கிறது?" அவன் எட்டிச் சக்கரத்தைப் பார்த்தான். குனிந்து, கையைக் கீழே விட்டு விரல்களை நுழைத்தான். எனக்கு உயிரே போய்விட்டது. "நாலு விரல் இருக்குதே மாமா" என்று சிரித்தான். "சும்மா இல்லாததுக்கெல்லாம் பயந்துகினு."

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஒன்பது வருடத்தில் நான் அவன்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. என் முகத்தில் எதைக் கண்டானோ, சிரிப்பு நின்றது. பின்பலகையைத் தாண்டி மெதுவாக இறங்கினான்.

அவன் இறங்கிய பிறகுதான் நான் எங்கே நிறுத்தியிருக்கிறேன் என்று பார்த்தேன். பஸ் ஸ்டாப். வண்டியின் இடதுபக்கம் ஒட்டி இருபது பேர் நிற்கிறார்கள். சக்கரத்துக்கு மூன்றடி தள்ளி, பூக்கூடையோடு லட்சுமம்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஸ்டாப்பில் கனகாம்பரம் விற்கிறவள், அந்த வழி போகிற எல்லோருக்கும் தெரிந்தவள். விலகச் சொன்னால் இவள் எழுந்திருக்க மாட்டாள், பஸ் வருகிற நேரம் என்று அவர்களும் நகர மாட்டார்கள். எதிரில் இருந்த டிராஃபிக் போலீஸ்காரர் வேறு, "காடி தெகியப்பா" என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். எடுக்கத்தான் வேண்டும். நாற்பதடி முன்னால் மிலிட்டரி காம்பவுண்டுச் சுவர், அதன் ஓரத்தில் ஆள் இல்லை.

சீனுவிடம் டயர் எந்த நேரமும் போய்விடும் என்று சொன்னேன். ஜனங்களைத் தள்ளி நிற்க வைக்கச் சொன்னேன். அவன் கன்னடத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு ஓடினான். லட்சுமம்மா எழுந்திருக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள், அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான், அவள் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். போலீஸ்காரருக்கு நான் டயரைக் காட்டினேன். அவர் விசிலை வாயில் வைத்துப் பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தினார்.

நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் யாரும் இல்லை. சாவியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிளட்சை விட்டேன். வண்டி எறும்புபோல நகர்ந்தது. பின்னாலிருந்து கயிறு முனகுவது கேட்டது. தட்டும் சத்தம் வருகிறதா என்று காது அங்கேயே இருந்தது. தட்ட ஆள் இல்லை என்று தெரிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சுவர் ஓரம் வந்து நின்றேன். எஞ்சினை அணைத்தேன். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தபோது பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். வண்டி இடதுபக்கம் படுத்தது. கயிறு அறுந்து, ஏழு ஷீட்டும் ஒரே உடம்பாகச் சாய்ந்து பக்கப்பலகையை ஒடித்துக்கொண்டு நடைபாதையில் விழுந்தன. அந்தக் கண்ணாடி கல்கண்டுபோலத் தூள் தூளாகத்தான் உடையும். சிதறி ஓடி, லட்சுமம்மா உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்து நின்றது.

சீனு ஓடிவந்தான். என்னை மேலும் கீழும் தடவிப் பார்த்தான். பிறகு வண்டியின் பக்கம் போய், தான் நின்றிருந்த இடுக்கைப் பார்த்தான். இடுக்கே இல்லை. பலகை முறிந்து வெளியே தொங்கியது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை போட்டது, தொண்ணூறு கிலோ, பதினாலு ஷீட்டு. ஒன்றையும் மறைக்கவில்லை.

"பட்டை போட்டா நாலு விரல் கணக்கு மாறிப் பூடும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தெரியும்டா. யோசிக்கல."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் குனிந்து, செருப்பில் ஒட்டிய கண்ணாடித்தூளைத் தட்டிக்கொண்டே தணிந்த குரலில் பேசினான்.

"நான் ஒரு நாளும் லோடைப் பாத்து ஏறுனதில்ல மாமா. உங்க கையைத்தான் பாப்பேன். இவ்ளோ பயப்படுற மனுசனே சரின்னுட்டாருன்னுதான் ஏறுவேன்."

சுட்ட கை எரிந்துகொண்டிருந்தது. லட்சுமம்மா வந்து, இனிமேல் உட்காரலாமா என்று கேட்டாள். உட்காரலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சீனுவைப் பார்த்தேன். அவன் போய்த் தூளைக் காலால் ஒதுக்கி, தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்தான்.